பழைய பிக்கப்புக்குப் புதுக் கதவு லாக்

எங்க தோட்டத்துச் சாளைக்குப் பக்கத்துல, புளியமரத்தடியில ஒரு பழைய பிக்கப் நிக்கும். இந்தப் பக்கம் வந்தவங்க பாத்திருப்பீங்க. அதோட இடது கதவை நைலான் கயிறு போட்டு சீட்டுக் கம்பியோட இறுக்கிக் கட்டி வெச்சிருந்தேன். பல வருசமா அப்படித்தான். இடது பக்கம் உக்காரணும்னாலும் டிரைவர் கதவு வழியா ஏறி, கியர் கம்பியைத் தாண்டி நகர்ந்துதான் போகணும். தேங்காய் ஏத்த வர்ற ஆளுங்க சிரிப்பாங்க. நானும் சிரிச்சுக்குவேன். கயிறு ஏன்னு யாருக்கும் சொன்னதில்லை.

இப்ப கயிறு இல்லை. மாசி மாசம் அந்தக் கதவுக்கு இந்தக் காலத்து லாக் மாட்டியாச்சு. என் அக்கா பையன் மெக்கானிக்கல் டிப்ளமா படிச்சவன், அவன்தான் இழுத்துப் போட்டு செஞ்சான். அமெரிக்காவுல 1940, 50களில் வந்த பிக்கப்புகளை வெச்சிருக்கறவங்க அதுல புது லாக் மாட்டற வீடியோவா போன்ல காட்டினான். "மாமா, இதே வேலையை நம்ம வண்டிக்கும் செய்யலாம்"ன்னான். அவங்க எதுக்கு நல்லாயிருக்கற பழைய லாக்கைக் கழட்டறாங்கன்னு கேட்டேன். அதுக்கு அவன் சொன்னதும், அப்புறம் நானா தேடிப் படிச்சதும்தான் இந்தக் கட்டுரை. நம்ம ஊர்க் கதை கொஞ்சம்தான் வரும். ஆனா அதைச் சொல்லாம ஆரம்பிக்க முடியாது.

1991 சித்திரை. அப்பாவும் பெரியப்பாவும் கூட்டா, ஏற்கெனவே ரெண்டு கை மாறின அந்த வண்டியை வாங்கி மூணு வருசம் ஆகியிருந்தது. கம்பெனி பேர் வேண்டாம். ஈரோட்டுக்கு மஞ்சள் ஏத்திட்டுப் போனோம். பெரியப்பா ஓட்டினார். அப்பா இடது பக்கம் உக்காந்தார். அவர் கதவை வெளியில இருந்து சாத்தினது நான். சாத்திட்டுப் பின்னால மூட்டை மேல ஏறி உக்காந்துக்கிட்டேன். கீழ்பவானி வாய்க்கால் மேட்டு ரோட்டுல ஒரு வளைவு. வண்டி வேகமே இல்லை. இடது முன் சக்கரம் ஒரு பள்ளத்துல இறங்குச்சு, வண்டி ஒரு குலுக்கு குலுக்கி எழுந்திருச்சு, கதவு படார்னு திறந்து அப்பா வெளியில விழுந்தார். மேலே இருந்து நான் பாத்தேன். பாலத்துக் கல்லுல இடுப்பு அடிச்சுது.

அப்பா பொழைச்சார். ஆனா அதுக்கப்புறம் 13 வருசம் குச்சி ஊனித்தான் நடந்தார். 2004ல் போய்ச் சேர்ந்தார். அன்னைக்கு ரோட்டோரத்துலயே பெரியப்பா கேட்டது, "ஏண்டா, ஒரு கதவை ஒழுங்காச் சாத்தத் தெரியாதா உனக்கு?" அவ்வளவுதான். அப்புறம் அவர் அதைப் பத்திப் பேசலை. அப்பா ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். நான் சரியாத்தான் சாத்தினேனா இல்லையான்னு முப்பது வருசத்துக்கு மேல எனக்கே தெரியாது.

இப்ப மாசியில மருமகன் லாக்கைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு வேலை செஞ்சான். கயிறை அவிழ்த்துட்டு என்னையே கதவைச் சாத்தச் சொன்னான். நல்லா அறைஞ்சு சாத்தினேன். இழுத்துப் பாத்தான், கெட்டியா இருந்தது. வலது முன் சக்கரத்துக்குக் கீழ ஜாக்கி வெச்சுத் தூக்கினான். இடது சக்கரம் பள்ளத்துல இறங்கறதும் வலது சக்கரம் மேட்டுல ஏறறதும் பாடிக்கு ஒண்ணுதானே. தூக்கத் தூக்க கேபின் முறுக்கிக்கிட்டது. கதவுக்கும் பின் தூணுக்கும் நடுவுல இருக்கற சந்து விரல் விரலா அகலமாச்சு. உள்ளே உக்காந்து தோளால லேசா முட்டினான். கதவு திறந்துக்கிச்சு. கைப்பிடியை யாரும் தொடலை. லாக்கைப் பாத்தேன், நாக்கு வெளியே முழுசா நீட்டிக்கிட்டேதான் இருந்தது. லாக் திறக்கலை. கதவுதான் திறந்துச்சு.

இன்னைக்கு இருக்கற தேய்மானமும் துருவும் 1991ல் இருந்திருக்காது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் நான் அன்னைக்கு ராத்திரி தூங்கலை.

இனி லாக் கதைக்கு வர்றேன்.

வீட்டுக் கதவுல தாழ்ப்பாள் இருக்கு, அது போய் மாட்டற நாதாங்கி இருக்கு. தாழ்ப்பாளோட வேலை வெளியில இருக்கறவனை உள்ளே விடாம இருக்கறது. வீட்டுச் செவுரு அசையாது, நிலவு அசையாது. அதனால அரை விரக்கடை நீளத்துக்கு ஒரு நாக்கு ஓட்டைக்குள்ள போய் நின்னாப் போதும். ஆரம்பத்துல காருக்குப் பாடி கட்டினவங்க குதிரைக் கோச்சு வண்டி கட்டின ஆளுங்க. மரச்சட்டம் போட்டு, அதுக்கு மேல தகடு அடிச்சு, கோச்சுக் கதவுல இருந்த மாதிரியே ஸ்பிரிங் வெச்ச நாக்கை வெச்சாங்க. யாரும் தப்பு சொல்ல முடியாது. அப்ப வண்டி ஓடின வேகம் அவ்வளவுதான்.

போர்டு கம்பெனி 1925ல் தன்னோட மாடல் டி வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே பின் தொட்டி வெச்சு பிக்கப்புன்னு வித்துச்சு. விலை 281 டாலர். அதுக்கு முன்னாடி அங்கத்த விவசாயிங்க காரை வாங்கி, பின் பக்கத்தை வெட்டி, தானே தொட்டி கட்டிக்கிட்டாங்க. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சதும் 1947ல் செவர்லே புது பிக்கப் விட்டுச்சு. 1948ல் போர்டோட எப் வரிசை வந்துச்சு. இன்னைக்கு அமெரிக்காக்காரங்க தேடித் தேடி வாங்கி மினுக்கற வண்டிகள்ல இதுங்கதான் நிறைய. குண்டு குண்டா, மூக்கு உருண்டு, பாக்க அழகாத்தான் இருக்கு. என்ஜின் பெருசாச்சு, ரோடு நல்லாச்சு, வேகம் கூடுச்சு. ஆனா கதவுல இருந்த கொள்கை கோச்சு வண்டிக் கொள்கைதான். சில வண்டிகள்ல நாக்குக்குப் பதிலா சின்னப் பல்சக்கரம் வந்துச்சு. அது தூணுல இருக்கற பல்லுமேல உருண்டு போய் நிக்கும். சாத்தறதுக்கு சுகம். ஆனா தூணும் கதவும் முன்னும் பின்னுமா விலகினா, அந்தப் பல்லும் விட்டுடும்.

போர்க்கால ஜீப்பை எடுத்துக்குங்க, அதுல கதவே கிடையாது. ஏறி இறங்கற இடத்துல குறுக்கே ஒரு பட்டை வார் மாட்டிக்கணும். அவ்வளவுதான் பாதுகாப்பு. என் கயிறு ஒண்ணும் புதுக் கண்டுபிடிப்பு இல்லைன்னு அதைப் படிச்சப்ப நினைச்சுக்கிட்டேன்.

வண்டி மோதினா கதவு திறந்துக்கும்ங்கறது அந்தக் காலத்துல எல்லாருக்கும் தெரியும். அதை யாரும் குத்தமாவே பாக்கலை. "வெளியே தூக்கி எறியப்பட்டா பொழைச்சுக்கலாம், உள்ளே மாட்டிக்கிட்டாத்தான் ஆபத்து"ன்னு அங்கயும் நம்பினாங்க. நம்ம ஊர்லயும் இதையேதான சொல்றோம், "குதிச்சுட்டான், தப்பிச்சுட்டான்"னு. தப்பிச்சவன் வந்து கதை சொல்வான். தப்பிக்காதவன் சொல்ல மாட்டான்.

இதை எண்ணிப் பாத்தவங்கள்ல முக்கியமானவர் ஹியூ டிஹேவன். இவர் டாக்டர் இல்லை. முதல் உலகப்போர் சமயத்துல, 1917ல், கனடாவுல விமானம் ஓட்டப் பழகிட்டிருந்தார். வானத்துல ரெண்டு விமானம் மோதி விழுந்து, அதுல இவர் ஒருத்தர்தான் பொழைச்சார். வயித்துக்குள்ள பலமான காயம். தான் கட்டியிருந்த பெல்ட்டோட பக்கிள்தான் அந்தக் காயத்துக்குக் காரணம்னு இவருக்குப் பட்டுச்சு. அப்புறம் உசரத்துல இருந்து விழுந்தும் பொழைச்சவங்களை எல்லாம் தேடிப் போய், எதுமேல விழுந்தாங்க, எப்படி விழுந்தாங்கன்னு கணக்கெடுத்து 1942ல் எழுதினார். கார்னெல் பல்கலைக்கழகத்துல இருந்து இந்த வேலையைச் செஞ்சார்.

அவர் சொன்னதுல எனக்குப் பிடிச்சது ஒண்ணு. மனுசனைச் சாமான் மாதிரி பாருங்கன்னார். கண்ணாடிச் சாமானைப் பெட்டியில வெச்சு அனுப்பறவன் என்ன செய்வான்? முதல் விசயம், பெட்டி வழியில திறந்துக்கக் கூடாது. திறந்து உள்ளே இருக்கறது கொட்டிட்டா, அப்புறம் எவ்வளவு வைக்கோல் வெச்சு என்ன பிரயோசனம்? 1952ல் இதை எழுதினார். தக்காளி அனுப்பறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கூடை வாயைக் கட்டாம நாம அனுப்பறதில்லை. மனுசனை மட்டும் அனுப்பிட்டு இருந்தோம்.

அதே சமயத்துல இண்டியானா மாநில போலீஸ்ல எல்மர் பால்னு ஒரு சார்ஜென்ட். விபத்து நடந்தா போலீஸ்காரங்க என்ன எழுதுவாங்க? யார் மேல தப்பு, எவ்வளவு வேகம், குடிச்சிருந்தானா. இவர் வேற கேள்வி கேட்டார். உள்ளே இருந்தவனைக் கொன்னது எது? ஸ்டியரிங்கா, கண்ணாடியா, இல்லை கதவு திறந்து வெளியே விழுந்தானா? இவர் டிஹேவன் கூடச் சேர்ந்தார். மத்த மாநில போலீசும் டாக்டருங்களும் பாரம் பூர்த்தி பண்ணி அனுப்ப ஆரம்பிச்சாங்க. 1950களின் நடுவுல கணக்கு வெளியே வந்துச்சு. வண்டிக்குள்ளேயே இருந்தவனைவிட, வெளியே எறியப்பட்டவன் சாகறதுக்குக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகம். விபத்துல கதவு திறந்துக்கறது எப்பவோ ஒண்ணு ரெண்டு நடக்கறது இல்லை, சர்வ சாதாரணம்.

இதைப் படிச்சப்ப நான் போனைக் கீழ வெச்சுட்டேன். எங்க அப்பா விழுந்ததுக்கு முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடியே, உலகத்தோட அந்தக் கோடியில, போலீஸ்காரங்க பாரத்துல எழுதி எழுதி இதைக் கண்டுபிடிச்சுட்டாங்க. கதவு சாத்தினவனைக் கேக்காதே, கதவைக் கேளுன்னு.

போர்டு கம்பெனி 1956 மாடலுக்கு 'லைப்கார்டு'ன்னு பேர் வெச்சு பாதுகாப்பை விளம்பரம் பண்ணுச்சு. அப்ப போர்டு பிரிவோட தலைவர் ராபர்ட் மெக்நமாரா. பின்னாடி ராணுவ மந்திரியா வந்து வியட்நாம் போரை நடத்தினாரே, அவரேதான். நடுவுல குழிஞ்ச ஸ்டியரிங்கும், இரட்டைப் பிடி வெச்ச கதவு லாக்கும் எல்லா வண்டியிலயும் வந்துச்சு. சீட் பெல்ட் வேணும்னா தனியாக் காசு கட்டணும். அந்த வருசம் செவர்லேதான் அதிகம் வித்துச்சு. "பாதுகாப்புன்னு சொன்னா வண்டி விக்காது"ன்னு கம்பெனிக்காரங்க பேசிக்கிட்டாங்க. ஆனா கதவு லாக் மட்டும் பின்வாங்கலை. மத்த கம்பெனிங்களும் அந்தச் சமயத்துலயே மாத்திக்கிட்டாங்க. நாக்கு உள்ளே போய் நிக்கறதோட, தூணுல இருக்கற தகடு அதை வளைச்சுப் பிடிச்சுக்கும். கதவும் தூணும் நீளவாக்குல விலகினாலும் விடாது. எங்க வண்டியில இல்லாதது அந்த ஒரு வளைவுதான்.

அப்புறம் சட்டம். 1965ல் ரால்ப் நேடர் கார்க் கம்பெனிகளைக் கிழிச்சு ஒரு புத்தகம் எழுதினார். 1966ல் ஜனாதிபதி ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்துல கையெழுத்துப் போட்டார். அதுக்குக் கீழ வந்த விதிகள்ல 206ம் நம்பர் கதவு லாக்குக்கும் கீலுக்கும் உள்ளது. முழுசா சாத்தின லாக்கை நீளவாக்குல 2,500 பவுண்டு, அதாவது 1,100 கிலோவுக்குக் கொஞ்சம் மேல இழுத்தாலும் விடக்கூடாது. வெளிப்பக்கமா 2,000 பவுண்டுக்கு, 900 கிலோவுக்கு விடக்கூடாது. பாதி சாத்தின நிலையிலயும் 1,000 பவுண்டு தாங்கணும். இந்தக் கடைசி விசயத்தை நல்லா கவனிங்க. சரியாச் சாத்தாம விட்டவனையும் சேர்த்து யோசிச்சிருக்காங்க.

ஆனா இந்த விதி கார்களுக்கு 1968 ஜனவரியில வந்துச்சு. லாரிக்கும் பிக்கப்புக்கும் 1972 வரைக்கும் நாள் குடுத்தாங்க. விவசாயி ஓட்டற வண்டி எந்த நாட்டுலயும் வரிசையில கடைசிதான் போல.

இன்னொரு சேதி. உலக நாடுகள் எல்லாம் சேர்ந்து வாகனங்களுக்குப் பொதுவா விதி போடலாம்னு 1998ல் ஒரு ஒப்பந்தம் போட்டாங்க. அதுல முதல் நம்பர் விதி 2004 நவம்பர்ல வந்துச்சு. பிரேக்குன்னு நினைப்பீங்க, இல்லை டயர்னு நினைப்பீங்க. அது கதவு லாக்.

இந்தக் காலத்து லாக்கைக் கையில எடுத்துப் பாத்தாத்தான் அதோட அருமை தெரியும். ஒரு டப்பா, அதுல ஒரு வாய். வாய்க்குள்ள நண்டுக் கொடுக்கு மாதிரி பிளந்த ஒரு இரும்புத் துண்டு. அமெரிக்காக்காரங்க இதைக் கரடி நகம்னு சொல்றாங்க. தூணுல ஓட்டைக்குப் பதிலா தலை தட்டையான ஒரு தடி போல்ட் நிக்கும். கதவு வந்து சாத்தும்போது போல்ட் அந்த வாய்க்குள்ள போய்க் கொடுக்கைத் திருப்பும். கொடுக்கு சுத்தி வந்து போல்ட்டைக் கட்டிப் பிடிச்சுக்கும். சைக்கிள் ப்ரீவீல்ல 'டிக்'னு ஒரு பல் விழுமே, அது மாதிரி ஒரு பல் விழுந்து கொடுக்கைத் திரும்ப விடாம நிறுத்தும். அந்தப் பல் விழறதுக்கு ரெண்டு இடம் உண்டு. முதல் இடம் பாதி, ரெண்டாவது முழுசு. அதனாலதான் புது வண்டிக் கதவை மெதுவாச் சாத்தினா 'டக் டக்'னு ரெண்டு சத்தம் வரும். ஒரு சத்தத்தோட நின்னாலும் கதவு கையை விடாது. தூண் முன்னே போனாலும் பின்னே போனாலும் போல்ட்டோட தட்டைத் தலை டப்பாவுல மாட்டிக்கும். பழைய நாக்கு ஓட்டையில சாஞ்சுக்கிட்டு நிக்கும். இது கையைக் கோத்துக்கிட்டு நிக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

மாட்டின கதையையும் சொல்லிடறேன், உங்க வண்டிக்கு உதவும்.

லாக்கை முதல்ல வாங்காதீங்க. முதல்ல கீலைப் பாருங்க. எங்க கதவு முக்கால் விரக்கடை தொங்கிப் போயிருந்தது. தொங்கின கதவுக்கு லாக் வெச்சா, சாத்தற ஒவ்வொரு தடவையும் கதவைத் தூக்கி வைக்கற வேலையையும் லாக்கே செய்யணும். சீக்கிரமே தேஞ்சு போகும். கீல் பின்னும் புஷ்ஷும் மாத்தி, ரப்பர் ஒட்டி, கதவு சுத்தியும் சந்து ஒரே அளவா வந்ததுக்கு அப்புறம்தான் லாக்கைத் தொட்டோம். ரப்பரைக் கடைசியா ஒட்டலாம்னு இருந்தேன். அது தடியா இருந்தா கதவு வெளியே தள்ளிக்கும், அளவெல்லாம் மாறிடும்னு மருமகன் விடலை.

லாக் உக்கடத்துல பழைய சாமான் கடையில எடுத்தோம். நொறுங்கிப் போன ஒரு சின்ன பிக்கப்போடது. இடது வேற, வலது வேற, மாத்தி மாட்ட முடியாது. போல்ட்டும் அதே வண்டியோடது வேணும்னு கேட்டு வாங்குங்க.

கதவு ஓரத்தை வெட்டினோம். வெட்டின இடத்துல தகடு தொளதொளன்னு ஆயிடுச்சு, உள்ளே மூணு மில்லி தகடு வெச்சு வெல்டிங் அடிச்சோம். தூணுக்குள்ளயும் அதே மாதிரி. பழைய தூண் தகட்டுல நேரா போல்ட் முடுக்கினா, லாக் 1,100 கிலோ தாங்கும், தகடு அம்பது கிலோவுல கிழிஞ்சுக்கும். இங்கதான் டிங்கருக்கும் மருமகனுக்கும் சண்டை. போல்ட்டை அப்படியே தூணுல வெச்சு வெல்டிங் அடிச்சுட்டா ஆயுசுக்கும் அசையாதுன்னார் டிங்கர். நாப்பது வருச அனுபவம், எனக்கும் அது நியாயமாத்தான் பட்டுச்சு. மருமகன் விடாப்பிடியா வேண்டாம்னான். உள்தகட்டுல மரை போட்டு, வெளித் தூணுல ஓட்டையைக் கொஞ்சம் பெருசா வெச்சு, போல்ட்டை மேல கீழ நகர்த்தி முடுக்கற மாதிரி செஞ்சான். முதல் தடவை சாத்தினப்ப போல்ட் ரெண்டு மில்லி கீழ இருந்தது. வெல்டிங் அடிச்சிருந்தா அறுத்து எடுக்கணும். டிங்கர் பீடியைப் பத்தவெச்சுக்கிட்டு, "சரி, படிச்சவன்"ன்னு சொல்லிட்டு வேலையைப் பாத்தார்.

போல்ட் வாயோட நடுவுல வருதான்னு பாக்க, போல்ட் மேல கிரீஸ் தடவி கதவை மெதுவா நெருக்கிப் பாக்கணும். தடம் எங்க விழுதுன்னு தெரியும். அறைஞ்சு சாத்திப் பாக்காதீங்க.

நாங்க பண்ணின தப்பு ஒண்ணு. பழைய கைப்பிடி திருகற மாதிரி. புது லாக்குக்குக் கம்பி இழுபடணும். கைப்பிடி முழுசாத் திருகினாலும் கம்பி நகர்ற தூரம் பத்தலை. அது தெரியாம ஆசையாச் சாத்திட்டோம். 'டக் டக்'. அருமையான சத்தம். அப்புறம் திறக்கலை. மருமகன் ஜன்னல் வழியா தலைகீழா இறங்கி ஸ்குரு டிரைவர் விட்டு நெம்பி எடுத்தான். அதனால கதவு திறந்திருக்கும்போதே, ஸ்குரு டிரைவரால கொடுக்கைச் சுத்தி மூடி, உள் கைப்பிடி, வெளிக் கைப்பிடி ரெண்டையும் இழுத்துப் பாத்துட்டு அப்புறம் சாத்துங்க. அப்படி மூடின கொடுக்கைத் திறக்காம மறந்து சாத்தினீங்கன்னா, போல்ட் நேரா வந்து டப்பாவுல இடிக்கும். அதுவும் ஒரு தடவை நடந்துச்சு, அது நான்.

சீட் பெல்ட்டும் வாங்கியிருக்கோம், இன்னும் மாட்டலை. அதுக்கும் தரையில தடி தகடு வைக்கணும்.

வேலை முடிஞ்ச அன்னைக்குப் பெரியப்பாவைக் கூட்டிட்டு வந்தேன். எண்பத்தாறு வயசாகுது. கண்ணு மங்கல், காது நல்லாக் கேக்கும். கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினார். திறந்து மறுபடியும் சாத்தினார்.

"என்னடா, ரெண்டு சத்தம் கேக்குது?"

பாதி சாத்தினாலும் பிடிச்சுக்குங்க பெரியப்பான்னு சொன்னேன். ஜாக்கி வெச்சுத் தூக்கிப் பாத்த கதையையும் சொன்னேன். பழைய லாக்கைக் கையில குடுத்தேன். நாக்கோட முனையைக் கட்டைவிரலால தடவிக்கிட்டே ரொம்ப நேரம் புளியமரத்தடியில உக்காந்திருந்தார். எழுந்திருக்கும்போது, "உங்கப்பன் உன்னை ஒண்ணும் சொன்னதில்லையல்லோ?"ன்னு கேட்டார். இல்லைங்கன்னேன். "ம்"னுட்டுக் குச்சியை எடுத்துக்கிட்டார். அந்த லாக்கை அவரே கொண்டு போயிட்டார், எதுக்குன்னு தெரியலை.

இன்னும் பின் கதவு பாக்கி இருக்கு. தொட்டியோட பின் பலகை, ரெண்டு பக்கமும் கொண்டி போட்டு சங்கிலி மாட்டியிருக்கு. களை எடுக்க வர்ற பொம்பளைங்க ஏழெட்டுப் பேர் அதுமேலதான் சாஞ்சு நின்னுட்டு வர்றாங்க. 206ம் நம்பர் விதியில அதைப் பத்தி ஒண்ணும் எழுதலை, தொட்டியில ஆள் ஏறுவாங்கன்னே அவங்க நினைக்கலை. ஏத்தக்கூடாதுன்னுதான் நம்ம ஊர்ச் சட்டமும் சொல்லுது. நான் ஏத்திக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப நிறுத்திட்டு, அவங்களை டவுன் பஸ் நிறுத்தத்துல இருந்து ரெண்டு நடையா கேபின்லயே கூட்டிட்டு வர்றேன். அரை மணி நேரம் வேலை தாமதமாகுது. பின் பலகைக்கு மஞ்சள் மூட்டை சாயறதுக்காகவாவது நல்ல கொண்டி வேணும். டிங்கர் வெள்ளிக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்கார்.